ஆலையை இடித்துத்தான் பூங்காவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊருணிக் கரையில் பூங்கா வரப்போகிறதாம். சந்தோஷம். ஆனால் அதற்காகக் கரையை ஒட்டி மூடிக்கிடக்கும் பழைய அரிசி ஆலையைத் தரைமட்டமாக்கப் போகிறார்களாம். எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போகட்டும், அது உடம்புக்கே கேடு. செங்கல் புகைபோக்கியும் நெல் அவித்த தொட்டிகளும் உலர்களமும் என்ன பாவம் செய்தன? அந்தக் களத்தில் நடுவே மேடு, ஓரத்தில் சரிவு; அடைமழையிலும் தண்ணீர் நிற்காது. இப்போது போடும் சிமெண்ட் சாலையில் அந்த வாட்டம் உண்டா?

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் (செட்டியார்கள்) வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள், அதாவது அவர்களின் தொழிற்கூடங்கள், இடிபட்டன. அதே ஊரில் ஆற்றங்கரைக் கிளார்க் கீ கிடங்குகளைச் செப்பனிட்டு 1993-ல் உணவகங்களாகத் திறந்தார்கள். நம்மவர்களும் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்!

புகைபோக்கி சரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நியாயம்தான். அப்படியென்றால் பொறியாளரை வைத்து உறுதியைச் சோதியுங்கள், ஊரைக் கூட்டிக் கேளுங்கள். அப்புறம் டெண்டர் விடலாம். கையோடு ஊருணியின் வரத்துக்காலையும் தூர்வாரிவிடுங்கள். தண்ணீர் இல்லாத கரையில் நடைபாதை எதற்கு?

– ஒரு வாசகர், காரைக்குடி