கத்தி வைக்கும் முன் படம் எடுத்துவிடு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். தம்பிக்கு நெல்லைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

மாப்பிள்ளை பேசினார். அடுத்த வாரம் உன் விரலில் ஆபரேஷன், நகத்தை எடுத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள் என்றார். ஸ்கேன் எடுத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். இதை நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்வீஸ் முழுக்க எக்ஸ்ரே அறையில் நின்றவன் மகள் நீ.

தீபாவளிக்கு வந்தபோதே கவனித்தேன். மோதிர விரலைத் தூக்கி வைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாய். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்ததும் முகம் சுருங்கியது. அம்மா நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டாள். நகச்சுத்தி என்றால் வீங்கும், சீழ் வைக்கும், சில நாளில் ஒரு வழிக்கு வரும். உனக்கு வருஷக்கணக்கில் வலிக்கிறதாமே.

குளிரில் வலி கூடுகிறது, ஒரே புள்ளியில் தொட்டால் உயிர் போகிறது, நகத்துக்கடியில் லேசான நீலம். இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது கிளோமஸ் கட்டி. நான் டாக்டர் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். விரல் நுனியில் ரத்த ஓட்டத்தைச் சூட்டுக்கும் குளிருக்கும் தக்கபடி கூட்டிக் குறைக்கிற நுண்ணிய அமைப்புகள் உண்டு. அதிலிருந்து வளர்வது இது. உன் வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அநேகமாக எப்போதுமே சாதுவானது, புற்று இல்லை. நீ ராத்திரியில் போனில் எதையெல்லாம் தேடிப் படித்திருப்பாய் என்று தெரியும். சின்ன அத்தைக்கு வந்தது வேறு.

எங்கள் அறைக்கு இதே மாதிரி விரல் வலியோடு பீடி சுற்றுகிற ஓர் அம்மா வந்தார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துக்குப் படம் எழுதியிருந்தார்கள். அப்புறம் எல்லாம் மனசுதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் குண்டூசியின் கொண்டையால் நகத்தை இடம் இடமாகத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் அந்த அம்மா அலறிவிட்டார். கையில் பிபி பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதே இடத்தைத் தொட்டால் வலி இல்லை. அந்த விரலுக்குப் பக்கவாட்டுப் படம் எடுத்தது நான்தான். நுனி எலும்பில் வழவழப்பாக ஒரு குழி. கட்டி அழுத்தி அழுத்தித் தோண்டியது.

உனக்கும் டென்ஷன் என்று சொல்லி அனுப்பினார்களாமே. அதனால்தான் எங்களிடம் சொல்லவில்லையா? கை முறிந்ததையே பரீட்சை முடிந்து சொன்ன பிள்ளை நீ. ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

சரி, கேள். நகத்தை எடுத்துவிட்டுத் தேடுவது வேறு, இடம் தெரிந்துகொண்டு கத்தி வைப்பது வேறு. கட்டி ஓரத்தில் இருந்தால் நகத்தைக் கழற்றாமல் பக்கவாட்டிலேயே போகலாம். நகத்தின் வேரில் கத்தி கண்டபடி பட்டால் நகம் பிளந்தே வளரும். ஒரு துணுக்கு மிச்சம் நின்றாலும் வலி திரும்பி வரும்.

எக்ஸ்ரே எடு, பக்கவாட்டுப் படத்தோடு. அது நார்மல் என்றால் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. அப்புறம் அல்ட்ராசவுண்ட். வயிற்றுக்கு வைக்கிற ப்ரோப், அதாவது தோலில் வைத்துப் பார்க்கிற கருவி, போதாது. அதிர்வெண் 15 மெகாஹெர்ட்ஸாவது இருக்கிற சின்ன ப்ரோப் வேண்டும். ஜெல்லை நிறையப் போட்டு, அழுத்தாமல் வைக்கச் சொல். அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, அதை நிறமாகக் காட்டுகிற டாப்ளரில் நிறம் வராது. கிளோமஸ் என்றால் கறுப்பாகச் சின்ன உருண்டை, உள்ளே நிறைய ரத்த ஓட்டம். ஆபரேஷனுக்கு முன் அந்த இடத்தில் பேனாவால் குறி போட்டுக்கொள்ளவும் முடியும்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் விரலுக்கு ஏற்ற சின்ன காயில், அதாவது விரலை ஒட்டி வைத்து சிக்னல் வாங்குகிற கருவி, இருக்கிறதா என்று கேள். டி2 என்கிற வகைப் படத்தில் கட்டி பளிச்சென்று வெள்ளையாக வரும், ரத்தத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் இன்னும் தெளியும். ஒன்றா இரண்டா என்பதும் தெரியும். ரொம்பச் சின்னது எம்.ஆர்.ஐ.க்கும் தப்பும். அதனால் படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லி யாராவது உன் வலியைப் பொய்யாக்கினால் ஒப்புக்கொள்ளாதே.

சின்ன அத்தைக்கு நகத்தில் வந்தது கறுப்புக் கோடு. வலியே இல்லை, அதனால்தான் யாரும் பார்க்கவில்லை. உனக்கு அப்படிக் கோடு எதுவும் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நானும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். எப்படியும் எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல். எவ்வளவு நல்ல படமானாலும் முடிவாகச் சொல்வது அதுதான்.

தேதியைக் கொஞ்சம் தள்ளி வை, படம் எடுத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். உன் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நகத்தில் பழக்கமுள்ள கை சர்ஜன் என்றால் அவரே கேட்பார். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். ரிப்போர்ட் தாளோடு நிறுத்தாதே, படங்களையும் சிடியில் வாங்கு, எனக்கு அனுப்பு. அம்மாவிடம் நகச்சுத்தி என்றே இருக்கட்டும்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் எனக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. புதுத் தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா