இடது முன்சக்கரம்

அன்பு மகளுக்கு,

உடுமலையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். போனிலேயே சொல்லக்கூடிய விஷயந்தான் இது. ஆனால் நான் அழைக்கும் நேரமும் உனக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் ஆவணியிலிருந்து பொருந்தாமலே போவதால் எழுதுகிறேன். எழுதிவிட்டால், வண்டியருகில் நின்றுகொண்டு இரண்டாம் தடவை படித்துப் பார்க்க உனக்கும் வசதியாக இருக்கும்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கி வரும்போது முன்பக்கம் கருகல் வாடை வருவதாகவும், வண்டி இடப்பக்கம் இழுப்பதாகவும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் அதை மூன்று நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, வேறு எதையோ பேசும் நடுவில் சொன்னாள். அது கிளட்ச் வாடை இல்லை. இடது முன்சக்கரத்தில், பிரேக் பேடை டிஸ்க் தட்டின் மேல் அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் ஜாம் ஆகியிருக்கிறது. நீ காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வருகிறது. சூடும் இழுப்பும் அதனால்தான். இந்தச் சின்ன ஜென் காருக்குப் பெட்ரோல் போட்டு மாளவில்லை என்று நீ புலம்பியதும் அதனால்தான். சந்தேகம் இருந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து குவார்ட்டர்ஸ் வரை பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார். தொட்டுவிடாதே. ஒன்று மட்டும் அடுப்பைப் போல அனல் வீசினால் நான் சொல்வது சரி.

அதைச் சரிசெய்யும் வரை மலையிறங்க வேண்டாம். இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக ஊற்றும்போது 205 டிகிரி வரை தாங்குகிற டாட் 3 ஆயில், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். நீ மிதிக்கிற விசையெல்லாம் அந்த ஆவியை நசுக்குவதிலேயே போய், பெடல் பஞ்சு போல உள்ளே இறங்கும். 40 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் அது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்று என்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, மாற்றி மூன்று வருடம் முடிந்துவிட்டது.

தவிர்க்க முடியாமல் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெடல் உள்ளே போனால் பதறாமல், விட்டு விட்டு மிதித்துக்கொண்டே கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழு. அது கேபிள் வழியாகப் பின்சக்கர டிரம்மைப் பிடிப்பது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. நீ அந்த மலையில் தனியாக வண்டியேற்றிப் போவதைப் பழைய டிப்போ நண்பர்களிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. மாதக்கணக்காக வாடை வந்தும் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம். அம்மாவிடம் சொல்ல நேரம் இருந்திருக்கிறது.

அங்குள்ள மெக்கானிக்கிடம் விட்டால் பேடை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். பத்து நாளில் புது பேடும் கருகும். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்துவிட, சக்கரம் பிடித்து நிற்கும்போது காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நிப்பிளைச் சற்றே திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. திறந்த பிறகும் விடுபடாவிட்டால் கோளாறு காலிப்பரில்தான்; பேடைத் தள்ளுகிற பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், அல்லது காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கும். உள் பேட் தேய்ந்து, வெளி பேட் தேயாமல் இருந்தால் பின் மீதுதான் முதல் சந்தேகம் வர வேண்டும். வாரம் முழுவதும் அந்த மழையில் நிற்கிற வண்டிக்குத் துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்று எழுத வந்தேன்.

ஆனால் அது மழை இல்லை, கண்ணு. இறுகியது அந்தப் பின் என்றால், அதை இறுக வைத்தவன் நான்.

உனக்கு அங்கே போஸ்டிங் வந்தபோது, வண்டியைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் இரவு, வாசல் விளக்கில் உட்கார்ந்து பிரேக்கை நானே பிரித்தேன். பின்னுக்குச் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். கடை அடைத்திருந்தது, விடிந்தால் நீ கிளம்ப வேண்டும். டிப்போவில் 31 வருடம் ஏர் பிரேக்கோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்தக் கையளவு காலிப்பர் ஒரு பொருட்டா என்ற திமிரில், டப்பாவில் இருந்த சாதாரண பேரிங் கிரீஸை விரலால் வழித்துப் பூசினேன். அது அந்த ரப்பருக்கு ஆகாது. ஊறி உப்பிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். எனக்கு அது தெரியாமல் இல்லை. இதே தவறுக்காக ஒரு பையனை டிப்போவில் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறேன்.

அந்தப் பொங்கலுக்கு வந்தபோதே இடப்பக்கம் இழுக்கிறது என்று நீ சொன்னாய். நான் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, உன் கைதான் சரியில்லை, அனுசரித்து ஓட்டப் பழகு என்றேன். ஓட்டியபோதே எனக்கு இழுப்பு தெரிந்தது. நீ அதற்குப் பிறகு என்னிடம் எதையும் சொல்வதில்லை. நான் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியது வண்டி விஷயத்தில் மட்டும்தானா என்று அம்மா கேட்கிறாள்.

பொள்ளாச்சியில் இரண்டு பக்கத்துக்கும் காலிப்பர் கிட், பேட் ஒரு செட், ஹோஸ் இரண்டு, ஆயில், சிலிகான் கிரீஸ் எல்லாம் வாங்கிவிட்டேன். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் காலிப்பரையே மாற்றிவிடலாம். அதற்கும் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். அதுவரை வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இறங்கத்தான் வேண்டுமென்றால், ஏறிய கியர்.

உட்கார ஒரு பழைய சாக்கும், கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் வாசலில் எடுத்து வைத்தால் போதும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். வீட்டுக்குள் வர வேண்டிய அவசியமே இருக்காது. பிரேக்கை மிதித்துக் காற்று எடுக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். அதற்கு நீ பத்து நிமிடம் வந்து உட்கார முடியுமா?

அப்பா