ஏழாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: வாரம் ஒரு வாதப் பத்தி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் ஒரு வாதப் பத்தி எழுதுவார்கள். ஒரு கருத்தைச் சொல்லி, அது ஏன் சரி என்று காரணத்தோடும் சான்றோடும் நிறுவும் ஒரே ஒரு பத்தி. ஏழெட்டு வாக்கியம், நோட்டில் முக்கால் பக்கம். திங்கட்கிழமை தலைப்புக் கொடுப்போம். வெள்ளிக்கிழமை எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் நீங்கள் எங்கே உதவலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

கட்டுரை எழுதப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கமே இங்கே முதல் தடையாக வந்து நிற்கும். கட்டுரையில் தெரிந்ததையெல்லாம் எழுதலாம். வாதப் பத்தியிலோ, சொல்ல வந்த ஒன்றுக்கு உதவாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எடுத்துவிட வேண்டும்.

முதல் வாரத் தலைப்பு விளையாட்டுப் பாடவேளை. பெரும்பாலும் பிள்ளைகள் இப்படித்தான் தொடங்குவார்கள்:

"விளையாட்டு மிகவும் முக்கியமானது. விளையாட்டால் பல நன்மைகள் உண்டு. உடல் நலம் பெறும், மனம் மகிழும், நண்பர்கள் கிடைப்பார்கள், ஒழுக்கம் வளரும். எனவே நாம் அனைவரும் விளையாட வேண்டும்."

பிழையில்லாத தமிழ்தான். ஆனால் விளையாட்டு நல்லது என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத கருத்துக்கு வாதம் தேவையில்லை. நான்கு நன்மைகள் வரிசையாக வருகின்றன, ஒன்றுக்கும் சான்று இல்லை. கருத்தைக் குறுக்கிப் பாருங்கள்: "தேர்வு நெருங்கும்போதும் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது." இதை மறுக்க ஆள் உண்டு. கணக்கு ஆசிரியர் மறுப்பார், நீங்களேகூட மறுக்கலாம். அப்போதுதான் பிள்ளைக்கு எழுத விஷயம் கிடைக்கும்.

கருத்துக்குப் பிறகு காரணம், காரணத்துக்குப் பிறகு சான்று. இது தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் என்னும் பௌத்தத் துறவி இதைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது கருத்து. ஏனெனில் புகை தெரிகிறது என்பது காரணம். அடுக்களையில் காண்பது போல என்பது எடுத்துக்காட்டு. அதோடு அவர் நிறுத்தவில்லை. இந்த மலையிலும் அதே புகை இருக்கிறது என்று எடுத்துக்காட்டை மலைக்குத் திரும்பக் கொண்டுவந்த பிறகே முடிவுக்குப் போகிறார். உபநயம் என்னும் அந்த நான்காம் படியைத்தான் எழுதப் பழகும் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அடுக்களையைப் பற்றிச் சொல்வார்கள், மலைக்குத் திரும்ப மாட்டார்கள். வகுப்பில் இதை 'இணைப்பு வாக்கியம்' என்கிறோம்.

அதே தலைப்பில், எல்லாப் படியும் உள்ள ஒரு மாதிரிப் பத்தி:

"தேர்வு நெருங்கும்போதும் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏனெனில் எங்களில் பலருக்கு ஓடியாடக் கிடைக்கும் நேரம் அதுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வேர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பாடவேளைகள், மொத்தம் 80 நிமிடம். வாரத்துக்கு வேண்டியது 420 நிமிடம் என்னும்போது, இருக்கிற 80 நிமிடத்தையும் எடுத்தால் பற்றாக்குறை இன்னும் கூடும். பாடம் முடியவில்லையே என்று ஆசிரியர்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் விடுபட்ட பாடத்தை வீட்டில் படித்துவிடலாம், மைதானம் எங்கள் வீட்டில் இல்லை. எனவே தேர்வுக் காலத்திலும் விளையாட்டுப் பாடவேளை விளையாட்டுக்கே இருக்க வேண்டும்."

ஐந்தாவது வாக்கியத்தை மட்டும் விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 60 நிமிடம் ஒரு பக்கமும் 80 நிமிடம் ஒரு பக்கமும் ஒட்டாமல் நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கருத்தோடு கட்டுவது அந்த ஒரு வாக்கியம்தான். உங்கள் பிள்ளை சான்றை எழுதி முடித்ததும் "சரி, அதனால்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் இணைப்பு வாக்கியம். பதில் வரவில்லையென்றால் சான்று பொருந்தவில்லை என்று பொருள். வேறு சான்று தேட வேண்டியதுதான்.

இந்தப் பத்தியில் காரணம் ஒன்றே ஒன்று. மூன்று காரணம் சொன்னால்தான் வாதம் பலமாகும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எட்டு வாக்கியத்தில் மூன்றையும் அடைத்தால் ஒன்றைக்கூட நிறுவ இடம் இருக்காது. இருப்பதில் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை விடச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் வேறு சில பிழைகள். கருத்தையே காரணமாகத் திருப்பிச் சொல்வது: "விளையாட்டு தேவை, ஏனெனில் அது அவசியம்." அடுத்து, பழமொழியைச் சான்றாக வைப்பது. பழமொழி அழகு சேர்க்கும், எதையும் நிறுவாது. "அனைவரும் அறிந்ததே" என்பதும் அப்படித்தான். எங்களுக்கு அதிகக் கவலை தருவது கற்பனை எண்கள். "90 சதவீத மாணவர்கள் விரும்புகிறார்கள்" என்று பிள்ளை எழுதியிருந்தால், யார் எண்ணியது என்று கேளுங்கள். எண் வேண்டுமென்றால் வகுப்பில் கை தூக்கச் சொல்லி எண்ணட்டும். "எங்கள் வகுப்பில் 34 பேரில் 21 பேர்" என்பது சிறிய எண்தான், ஆனால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

எதிர்க்கருத்தை எழுதும்போது இரண்டு விதமாகத் தவறுவார்கள். ஒன்று, மாற்றுக் கருத்து உடையவரைச் சோம்பேறி, சுயநலக்காரர் என்று திட்டுவது. மற்றது, "அதுவும் நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டு, பதில் சொல்லாமல் முடித்துவிடுவது. படிப்பவர் மனத்தில் கடைசியாக நிற்பது எதிராளியின் வாதமாகிவிடும். எதிர்க்கருத்துக்கு ஒரு வாக்கியம், பதிலுக்கு ஒரு வாக்கியம், அதன் பிறகு முடிவு.

தமிழில் வினை கடைசியில் வருவதால், வாக்கியம் நீண்டால் ஆமா இல்லையா என்பதே கடைசி வரை தெரியாது. ஆகவே கருத்து வாக்கியம் 12 சொல்லுக்குள் இருக்கட்டும். 'ஏனெனில்' என்று தொடங்கிய வாக்கியத்தை 'என்பதால்' என்று முடிக்க வேண்டாம், ஒன்று போதும். பேச்சு வழக்கு கலந்தால் ('இருக்கு', 'பண்றாங்க') கடைசி வாசிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

வீட்டு வேலை மொத்தம் 40 நிமிடம். எழுதும் முன் 10 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் குறிப்பு, 15 நிமிடம் எழுதுவது, 10 நிமிடம் உரக்கப் படித்துத் திருத்துவது. பேச்சுக்கு உட்காரக்கூட வேண்டாம், காய் நறுக்கும்போது கேட்கலாம்: "நீ என்ன சொல்ற? ஏன்? உனக்கு எப்படித் தெரியும்?" பிறகு நீங்கள் எதிர்த்தரப்பில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த 10 நிமிடத்தைத் தவிர்த்த பிள்ளைதான் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தயவுசெய்து வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து எழுத வைக்காதீர்கள். கைப்பேசியிலிருந்து எடுத்து எழுதவும் வேண்டாம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லி, புரியாத இடத்தில் நிறுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதை முழுமையாகச் செய்யலாம், கேட்கும் காது போதும். சந்திப் பிழை, ஒற்றுப் பிழையெல்லாம் கடைசியில், வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்களோ என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எதிராளி சொல்வதில் எது நியாயம் என்று யோசித்து, அதை ஒரு வாக்கியமாக எழுதாமல் இந்தப் பத்தி முடியாது. அடம் பிடிக்கிற பிள்ளைக்கு அந்த வாக்கியம்தான் எழுத வராது. அதற்கும் மதிப்பெண் வைத்திருக்கிறோம்.

மொத்தம் 10 மதிப்பெண்: கருத்து 2, காரணம் 1, சான்று 2, இணைப்பு 2, எதிர்க்கருத்தும் பதிலும் 2, மொழி 1.

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று தனியாக வேண்டும். இடப்பக்கம் பேசிய குறிப்பு, வலப்பக்கம் பத்தி. இரண்டாம் வாரத் தலைப்பு துணிப்பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. உங்கள் தெருக் கடைகளில் இப்போது எந்தப் பையில் பொருள் தருகிறார்கள் என்று அந்த வாரம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வர வேண்டும். கடைக்குப் போகும்போது கூட்டிச் செல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்