மூளையின் நுண்தமனிகளும் ‘அளவான’ குடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுவின் கேட்டைப் பற்றி எழுதும்போது கல்லீரலோடு நின்றுவிடுவது நம் பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. மூளையின் இரத்தக்குழாய்கள் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது; எழுந்தாலும், ‘அளவோடு குடித்தால் பாதகமில்லை’ என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த அளவு எவ்வளவு என்பதை யாரும் சொல்வதில்லை என்பதே என் குறை.

பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்த 1,781 பேரின் மூளையை உடற்கூறாய்வு செய்து, அவர்களுடைய குடிப்பழக்கத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 14 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகாகக் கொண்டு, வாரத்துக்கு 8 அலகும் அதற்கு மேலும் குடித்தவர்களை மிகுதியாகக் குடிப்போர் என வகுத்தார்கள். நுண்தமனிச் சுவர் தடித்து இறுகி இரத்த ஓட்டத்தைக் குறுக்கும் கோளாறு இவர்களுக்கு இருக்கும் வாய்ப்பு, குடித்தறியாதவர்களைவிட 133 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மிகுதியாகக் குடித்துப் பின்னர் விட்டவர்களிடம் 89, ஏழு அலகுக்குள் நின்றவர்களிடமும் 60 விழுக்காடு கூடுதல். இது தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிர, மதுதான் காரணம் என்று நிறுவும் ஆய்வன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 40 விழுக்காடு செறிவுள்ள மது 60 மில்லியில் ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ‘இரவுக்கு அறுபது மில்லி, அதற்கு மேல் தொடமாட்டேன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர் வாரத்துக்கு 133 கிராம், அதாவது ஒன்பதரை அலகு குடிக்கிறார். தம் கணக்கில் மிதமானவர், ஆய்வின் கணக்கில் மிகுதியாகக் குடிப்பவர். ஆறு நாள் தொடாமல் ஏழாம் நாள் மொத்தமாகக் குடிப்பவருக்கும் வாரக் கணக்கு ஆறுதல் தராது. ஒரே அமர்வில் அளவு மீறும்போது இரத்த அழுத்தம் ஏறுவதோடு, இதயத்துடிப்பு ஒழுங்கு தவறி, அங்கே உருவாகும் இரத்தக்கட்டி மூளைக்குப் போய்ச் சேரவும் கூடும்.

கொஞ்சம் குடித்தால் பக்கவாதம் வராது என்ற பழைய நம்பிக்கைக்கும், சீனாவில் 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து, அவர்களில் ஏறத்தாழ 1.6 லட்சம் பேரின் மரபணுவையும் ஆராய்ந்து 2019இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் ஆதாரம் கிட்டவில்லை.

ஆகவே, ‘மிதமாக’ என்று அச்சிடும் இடத்திலெல்லாம் எத்தனை கிராம், எத்தனை மில்லி என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்டுவிட்டே நிறுத்த வேண்டும் என்ற வரியும் உடன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்