நேரடி இசைக்குழு என்று சொல்லி விற்ற டிக்கெட்டுகள்

அனுப்புநர்:
ஒரு வயலின் ஆசிரியை,
மாட்டுங்கா கிழக்கு, மும்பை 400019.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், மும்பை.

பொருள்: ரோபோக் காதல் இசைநாடகம், ஞாயிறு மாலைக் காட்சி. விளம்பரத்தில் சொன்ன இசைக்குழு இல்லாதது குறித்தும் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரக் கேட்டும்.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற ஞாயிறு மாலை நீங்கள் மும்பையில் நடத்திய இசைநாடகத்துக்கு ஆறு டிக்கெட் வாங்கினேன். ஒன்று 4,500 ரூபாய் வீதம் 27,000 ரூபாய். கன்வீனியன்ஸ் ஃபீயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் தனி. ‘நேரடி இசைக்குழுவுடன்’ என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். அரங்கில் ஒரு வாத்தியக்காரர்கூட இல்லை. பதிவு செய்த இசையை ஓடவிட்டு, அதற்கு மேல் நடிகர்களைப் பாட வைத்தீர்கள். என் புகார் இவ்வளவுதான். ஆனால் உங்கள் அலுவலகத்திலிருந்து இதுவரை வந்த பதில்களைப் பார்த்தால், விளக்கமாக எழுதினாலொழியப் புரிந்துகொள்ள மாட்டீர்கள் என்று தெரிகிறது.

மும்பை அலுவலகத்துக்குத் தமிழில் ஏன் எழுதுகிறாய் என்று நினைக்கலாம். நீங்கள் என்னிடம் தமிழில்தான் விற்றீர்கள். மாட்டுங்கா கோயில் வாசலிலும் தாராவி 90 அடி ரோட்டிலும் உங்கள் ஆட்கள் கொடுத்த நோட்டீஸ் தமிழில் இருந்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த படமும் தமிழில்தான் இருந்தது. விற்கத் தமிழ் தெரிந்த நிறுவனத்துக்குப் புகாரைப் படிக்கவும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் ஐந்து பேரை அழைத்து வந்திருந்தேன். மூன்று பேர் தாராவி. தோல் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைக்கும் பெற்றோர், மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுத்துவைத்துச் சேர்த்த பணம் அது. எல்லாரையும் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தால் பாதிப் பணத்தில் முடிந்திருக்கும். வேண்டுமென்றேதான் முன்வரிசை எடுத்தேன். நம் வயலின்காரர் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, பாடகரைப் பின்தொடர்ந்து தனி ஆளாக வாசிப்பார். மேற்கத்திய இசைக்குழுவில் வாசிப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, தாடைக்கு அடியில் இடுக்கி, ஒரு வரிசை முழுக்க ஒரே திசையில் வில் போடுவார்கள். பத்து வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை யூடியூபில் பார்ப்பது வேறு, எட்டிப் பார்க்கும் தூரத்தில் பார்ப்பது வேறு. உங்கள் நோட்டீஸில் இருந்த படமும் அதுதான்: இரண்டு ரோபோக்கள் கைகோத்து நிற்க, அவர்கள் காலடியில் கருப்புச் சட்டை போட்ட வயலின்காரர்கள்.

நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தைக் கருப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சில தயாரிப்புகளில் ஒலிக்காக அப்படி மூடுவது உண்டு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பெண் ரோபோ தனியாகப் பாடும் நீளமான பாட்டில் குட்டு வெளிப்பட்டது. பழுதாகிப்போன தன் நினைவை அழித்துவிடலாமா, அழித்தால் அதிலிருக்கும் காதலனும் சேர்ந்து அழிந்துபோவானே என்று அவள் தயங்கும் இடம். காதருகே ஒட்டியிருந்த மைக் கரகரத்தது. அந்தப் பெண் ஒரு நொடி திகைத்து ஒரு வரியை விட்டுவிட்டார். இசை அவருக்காக நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டது, அதற்கடுத்த வரிக்கும் போய்விட்டது. அவர் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டார், கெட்டிக்காரி. ஆனால் அவர் பாடி நிறுத்தும் இடைவெளியில் அந்த ஆண் ரோபோ பேச வேண்டிய வசனம், வாத்தியங்களின் உச்சத்துக்கு அடியில் அமுங்கிப் போனது. நாடகத்தின் மையமே அந்த ஒரு வசனம்தான்.

மனிதர்கள் வாசித்திருந்தால் இப்படி ஆகாது. பாடுபவர் தவறினால் இசைக்குழுவை நடத்துபவர் கையைத் தூக்குவார், குழு அதே சின்ன இசைத் துண்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக் காத்திருக்கும், அவர் வந்து சேர்ந்ததும் ஒன்றாகப் புறப்படும். இதற்கு வெளிநாட்டுப் படிப்பெல்லாம் வேண்டாம். மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்த்ரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். விடிய விடிய நாடகம் நடக்கும். மேடையோரத்து ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும்தான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவர் பாட்டுகளை இன்றும் அப்படித்தான் பாடுகிறார்கள். நூறு ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்தி அனுப்பும் அந்த மேடையில் கிடைப்பது உங்கள் 4,500 ரூபாய் மேடையில் கிடைக்கவில்லை.

கடைசியில் நடிகர்கள் கைகோத்து வணங்கினார்கள். பிறகு பழக்க தோஷத்தில் எல்லாரும் கீழே பள்ளத்தை நோக்கிக் கை காட்டினார்கள். இசைக்குழுவுக்குக் கைதட்டச் சொல்லும் மரபு அது. ஆயிரம் பேர் கைதட்டினார்கள். என் பிள்ளைகளில் சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு துணி விலகிய இடுக்கில் எட்டிப் பார்த்தாள். “டீச்சர், உள்ள யாருமே இல்ல. ரெண்டு ஸ்பீக்கரும் ஒயரும்தான் கெடக்கு” என்றாள். வாசலில் நின்ற உங்கள் ஊழியரிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. “இந்த டூர் முழுக்க டிராக்தான் மேடம்” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்று உண்மை பேசிய ஒரே ஆள் அவர். இந்தக் கடிதத்தால் அவர் வேலைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது.

இனி உங்கள் பதில்கள். முதலில், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை, பணம் கேட்டேன். அடுத்து, ‘நேரடி’ என்பது நடிகர்கள் நேரடியாகப் பாடுவதைக் குறிக்கும் என்றீர்கள். அப்படியானால் நோட்டீஸில் அந்த வயலின்காரர்கள் எதற்கு? அலங்காரத்துக்கா? கடைசியாக வந்த பதில்தான் முக்கியமானது. ஆங்கில விளம்பரத்தில் நட்சத்திரக் குறி போட்டு, ‘இசை அமைப்பு ஊருக்கு ஊர் மாறலாம்’ என்று அடியில் அச்சிட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படி இருக்கிறது. தமிழ் நோட்டீஸில் அந்த நட்சத்திரமும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளை உங்கள் சட்டத்துறையினர் ஒருமுறை படிப்பது நல்லது. ஒரு விளம்பரத்தின் பொறுப்புத் துறப்புக் குறிப்பு, அந்த விளம்பரம் எந்த மொழியில் உறுதி சொல்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தவறான ஓர் உறுதிமொழியைச் சரிக்கட்ட அந்தக் குறிப்பைப் பயன்படுத்தக் கூடாது. தமிழில் வாக்குக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

பதிவு இசை பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்த எந்த மாட்டுங்கா அம்மாவையும் கேளுங்கள். சிடி போட்டு ஆடினால் ஒரு செலவு, லைவ் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் இன்னொரு செலவு. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று ஒவ்வொருவருக்கும் சன்மானம், சாப்பாடு, ஊரிலிருந்து வந்தால் டிக்கெட். சிடியில் ஆடிய பிள்ளையும் நன்றாகத்தான் ஆடுகிறது. ஆனால் சிடி போட்டுவிட்டு யாரும் அழைப்பிதழில் லைவ் ஆர்க்கெஸ்ட்ரா என்று அச்சடிப்பதில்லை. எங்கள் தெருவில் அப்படிச் செய்தால் அடுத்த நாள் கோயிலுக்குப் போக முடியாது.

உங்கள் துறைக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. 2003 மார்ச்சில் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய அரங்குகளில் குறைந்தது 24 முதல் 26 பேர் வாசிக்க வேண்டும் என்றிருந்த விதியைத் தயாரிப்பாளர்கள் குறைக்கப் பார்த்தார்கள், கணினி இசையை வைத்து நாடகத்தை நடத்தவும் ஏற்பாடு செய்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் கலைஞர்கள் பக்கம் நின்றதால் இசைநாடகங்கள் நாலு நாள் மூடிக் கிடந்தன. கடைசியில் எண்ணிக்கை 18, 19 என்று இறங்கியது. குறைந்துதான் போனது, ஆனால் ஆட்கள் இருந்தார்கள். இங்கே மும்பையில் சினிமா ரெக்கார்டிங்கில் வரிசையாக உட்கார்ந்து வயலின் வாசித்த எத்தனையோ பேர் சிந்தசைசர் வந்தபின் வேலை இழந்தார்கள். இந்த ஊரில் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. ‘எந்திரங்களின் காதல், உலக மேடையில் முதன்முறையாக’ என்றும் நோட்டீஸில் போட்டிருந்தீர்கள். ரோபோ என்ற பெயரையே உலகுக்குக் கொடுத்த காரெல் சாபெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1921-இலேயே மேடையேறிவிட்டது. அதன் முடிவில் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்க முன்வரும் இரண்டு ரோபோக்கள் வருகிறார்கள். இசைநாடகம்தான் கணக்கு என்றால், பழசாகிப்போன இரண்டு உதவியாளர் ரோபோக்களின் கதையான ‘மேபி ஹேப்பி எண்டிங்’ 2016-இல் சியோலில் அரங்கேறி, பிராட்வே போய், 2025-இல் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியாயிற்று. இதற்காக நான் பணம் கேட்கவில்லை. விளம்பரம் எழுதுபவர் எதையும் சரிபார்ப்பதில்லை என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

பணம் கட்டும்போது ஆறு டிக்கெட்டுக்கும் சேர்த்து ஒரு நன்கொடைத் தொகையும் தானாகவே டிக் ஆகியிருந்தது. நல்ல காரியத்துக்கு நானே கொடுப்பேன், நீங்கள் என் பையில் கைவிட வேண்டாம். கேட்காமல் இப்படிச் சேர்ப்பதை இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிராக 2023-இல் வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டு நெறிகள் பெயர் சொல்லியே தடுத்திருக்கின்றன.

நடிகர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆண் ரோபோவாக நடித்தவர் கழுத்தைத் திருப்பும் விதத்தை என் பிள்ளைகள் இன்னும் வகுப்பில் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். விளக்கமைப்பும் அருமை. சமோசா விலையைப் பற்றி மும்பைக்காரி எழுதக் கூடாது.

நான் கேட்பவை இவை. ஆறு டிக்கெட்டின் விலை 27,000 ரூபாயையும், கன்வீனியன்ஸ் ஃபீ, வரி, நன்கொடை ஆகியவற்றையும் பணம் கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். அடுத்த முறைக்கான கூப்பன் வேண்டாம். பெங்களூருக்கும் சென்னைக்கும் இந்த நாடகம் போகிறது என்று அறிகிறேன். அங்கே ஒட்டும் விளம்பரங்களில், எந்த மொழியானாலும், பதிவு இசைதான் என்று டிக்கெட் விலை போடும் அளவு எழுத்தில் போடுங்கள். அல்லது வாசிக்க ஆள் வையுங்கள். இரண்டில் எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடுவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். தமிழ் நோட்டீஸ், ஆங்கில விளம்பரம், பணம் கட்டிய ரசீது, துணி விலகிய இடுக்கில் என் மாணவி எடுத்த படம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் உள்ளன.

பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்பலாம். யார் எழுதியது என்று பெயரும் பொறுப்பும் கீழே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை,
மாட்டுங்கா கிழக்கு, மும்பை.