பார்மட் அடிக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே வீட்டில் மூன்று நான்கு கணினிகள் இருப்பது இப்போது சாதாரணம். எதில் விண்டோஸுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்ற குறிப்புதான் பெரும்பாலும் இருப்பதில்லை. பார்மட் அடித்த பிறகு பில்லைத் தேடுவதைவிட, இயங்கும்போதே பார்த்து எழுதி வைப்பது சுலபம்.

விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் வரும் கட்டத்தில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, டிஎல்ஐ (slmgr /dli) எனத் தட்டுங்கள். விண்டோஸ் லைசென்ஸின் வகையும் கீயின் (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் குறியீட்டின்) கடைசி ஐந்து எழுத்துகளும் தெரியும்.

ஓஇஎம் (OEM) என்றிருந்தால் அது கணினியோடு சேர்ந்து வந்தது, மதர்போர்டோடு கட்டப்பட்டது. வேறு கணினிக்கு மாறாது. விண்டோஸ் 8 காலம் முதல் வந்த பிராண்டட் லேப்டாப்களில் கீ பயாஸிலேயே (மதர்போர்டிலுள்ள அடிப்படை மென்பொருளில்) பதிந்திருப்பதால், மீண்டும் நிறுவும்போது தானே எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பயாஸில் விண்டோஸ் ஹோம் பதிப்பின் கீ இருந்து, நீங்கள் தனியாக ப்ரோ பதிப்பு வாங்கியிருந்தால், புதிதாக நிறுவும்போது கேட்காமலே ஹோம்தான் ஏறும். ப்ரோ கீயைப் பிறகு கையால் கொடுக்க வேண்டும்.

ரீடெயில், அதாவது தனியாக விலைக்கு வாங்கியது என்றால் வேறு கணினிக்கு மாற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான். பழையதில் அதே கட்டளையை டிஎல்ஐக்குப் பதில் யுபிகே (upk) என்று முடித்து, நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் கீ நீங்கும். நீங்கிய செய்தி மைக்ரோசாப்ட்டுக்குப் போகாது என்பதால், புதியதில் சில சமயம் ஆக்டிவேட் செய்ய மைக்ரோசாப்ட்டின் உதவியை நாட நேரும்.

கடைசி ஐந்தெழுத்து 3வி66டி (3V66T) அல்லது 8எச்விஎக்ஸ்7 (8HVX7) என்றிருந்தால் அதை எழுதி வைத்துப் பயனில்லை. லட்சக்கணக்கான கணினிகளில் இருக்கும் பொதுக் கீ அது. உண்மையான உரிமம் மைக்ரோசாப்ட் சர்வரில் உங்கள் வன்பொருளின் பெயரில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் அதை உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். மதர்போர்டு மாற்றினால் கைகொடுக்க வாய்ப்புள்ள வழி அதுதான்.

வால்யூம் என்று காட்டினால் அது நிறுவனங்களுக்கானது. அதில் நிறுவனத்தின் சொந்த சர்வர் வழியே ஆக்டிவேட் ஆகும் கேஎம்எஸ் (KMS) வகை 180 நாளுக்குள் நிறுவன சர்வரைத் தொட்டாக வேண்டும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ கீகளில் பல இந்த வால்யூம் ரகம். மூல நிறுவனத்தின் கீ முடக்கப்பட்டால் உங்களுடையதும் போகும்.

டேலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்கள் பார்மட்டுக்கு முன் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்வது (அந்தக் கணினியிலிருந்து விடுவிப்பது) அவசியம். மறந்தால் பழைய கணினியின் பெயரிலேயே அது மாட்டிக்கொள்ளும்.

கீயைத் தாளில் எழுதுகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம்: விண்டோஸின் 25 எழுத்துக் கீயில் 0, 1, 5 எண்களும் ஓ, ஐ, எல், எஸ் எழுத்துகளும் வரவே வராது. ஆனால் பி–8, ஜி–6 இரண்டும் வரும். தப்பு நடப்பது அங்கேதான்.

ஒரு பக்கம் போதும்: கணினி, மென்பொருள், லைசென்ஸ் வகை, எந்த மின்னஞ்சலில் வாங்கியது, முடியும் தேதி. கூடவே, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை இயக்கியிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணும் இருக்கட்டும். லைசென்ஸ் போனால் திரும்ப வாங்கலாம், அந்த எண் போனால் வட்டிலுள்ள படங்கள் கிடைக்காது. இந்தப் பக்கத்தை அதே கணினிக்குள் சேமிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி