மொட்டை மாடியிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் குடியிருப்பின் 24 வீட்டாருக்கும், வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும், இதைப் படிக்க நேரமே இல்லாத இன்னும் சிலருக்கும்,

வணக்கம். மூன்றாம் மாடியில் இருப்பவள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலே முக்காலுக்குக் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கி, முதல் மாடி நாயைக் குரைக்கவைப்பது நான்தான். நன்றி சொல்வதற்கு முன்னால் அதற்கு ஒரு மன்னிப்பு கேட்டுவிடுகிறேன்.

மொட்டை மாடி லிப்ட் ரூமில் வளர்ந்த கடைசிக் கூகைக் குஞ்சு, அதாவது ஆந்தைக் குஞ்சு, அறையைவிட்டுப் போய் நேற்றோடு ஒன்பது நாள். பறக்கப் பழகிய பிறகும் கொஞ்ச நாள் பழைய இடத்துக்கே தூங்க வரும் என்பதால், அறை காலியாகிவிட்டது என்று உறுதியாகத் தெரியட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. எழுதலாம்.

முதல் நன்றி லிப்ட் மெக்கானிக் தம்பிக்கு. ஜனவரி முதல் வாரம் மாதாந்திர சர்வீஸுக்கு வந்தவர் மேலே போன வேகத்தில் இறங்கி வந்தார். "மேடம், உள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம். மெஷின் சத்தம் இல்ல. பாம்பா இருக்குமோ?" மார்கழி பிறந்ததிலிருந்து இரண்டாம் மாடி மாமா ராத்திரி எழுந்து எழுந்து கேஸ் சிலிண்டரை மூடிப் பார்த்ததற்கும் அதுதான் காரணம் என்பது அப்புறம்தான் விளங்கியது. கதவை ஒரு சாண் திறந்து பார்த்தோம். உடைந்த வெண்டிலேட்டருக்குக் கீழே, மூலையில் ஐந்து குஞ்சுகள். வெள்ளைப் பஞ்சு, இதயத்தை வெட்டி ஒட்டிய மாதிரி முகம். ஐந்தும் படிக்கட்டு போல ஐந்து அளவு. கூகை முட்டையிடத் தொடங்கியதுமே அடைகாக்கவும் உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். இரை குறைந்தால் கடைக்குட்டிக்குத்தான் முதலில் ஆபத்து. நம் கடைக்குட்டியும் தங்கவில்லை. நான்குதான் பறந்தன.

அந்தத் தம்பி வேலைக்காரர். அடுத்த மாத சர்வீஸை, குஞ்சுகள் தூங்கும் உச்சிப் பொழுதில், கால் மணி நேரத்தில், பேசாமல் முடித்துவிட்டுப் போனார். "எண்ணெய் மட்டும் போட்டிருக்கேன், பெரிய வேலைய மார்ச்ல பாத்துக்கலாம், பயமில்ல" என்று பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதனால்தான் அசோசியேஷனில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். குஞ்சுகளை முதலில் பார்த்த அன்று ராத்திரி பத்து மணிக்கு நான் பிளாஷை மாட்டிக்கொண்டு மேலே போனேன். பதினொரு வருஷமாகப் பறவைப் படம் எடுக்கப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் பெரும்பாக்கம் ஏரிக்கும் அலைகிறேன், வீட்டுக்கு மேலேயே கூகை வந்திருக்கிறது, விடுவேனா? இரண்டே இரண்டு முறை அடித்தேன். ஐந்தும் பின்னால் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பின்னாலிருந்து குரல்: "ஆன்ட்டி, இருட்டுக்குப் பழகின கண்ணு. கூசாதா?" ஐந்தாம் எண் வீட்டில் கல்லூரி படிக்கும் பெண். வாட்டர் டேங்க் பார்க்க வந்தவள். நான் பதில் சொல்லவில்லை. கீழே வந்து இரண்டையும் அழித்தேன். அவளுக்கு நன்றி. பெரியவளாகப் பேசாமல் ஒரு கேள்வியாகக் கேட்டதற்குத் தனி நன்றி.

உண்மையில் இந்த மடல் முழுக்கவே எடுக்காமல் போன படங்களைப் பற்றியதுதான். என்னை யார் யார் எங்கெங்கே தடுத்தார்கள் என்று இந்த ஏழு வாரம் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். பல வருஷத்துக்கு முன் பெரும்பாக்கம் ஏரிப் பக்கம் வெறும் தரையில் ஆள்காட்டிப் பறவையின் முட்டையைக் கண்டுபிடித்து, குப்புறப் படுத்து, கால் மணி நேரம் படம் எடுத்தேன். தாய் தூரத்தில் கத்திக்கொண்டே இருந்தது. படத்தை அவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, நேரத்தைக் கேட்டார். காலை பதினொன்று, மே மாதம். "அந்தப் பறவை வயித்து இறகைத் தண்ணியில நனைச்சிட்டு வந்து முட்டையக் குளிர வைக்கும், தெரியுமா? நீ அங்க கிடந்த வரைக்கும் அது வரல. முட்டை வெந்துருக்கும்மா." அன்றிலிருந்து கூட்டுப் படம் எடுப்பதில்லை, எந்தப் படத்திலும் எடுத்த இடத்தைப் போடுவதில்லை. அந்த முட்டைகள் பொரித்தனவா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொருவர் பெசன்ட் நகர்க் கடலோரத்தில் இருக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவ அண்ணன். பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடக் கரையேறும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் ராத்திரி நடந்து போய் முட்டைகளைப் பாதுகாப்பாக எடுத்து வைப்பது 1988 முதல் நடக்கிறது. அப்படி ஒரு நடையில் நானும் போனேன். ஆமை ஈர மணலில் ஏறி வருகிறது. என் கை தானாக பிளாஷுக்குப் போனது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து லென்ஸ்மேல் உள்ளங்கையை வைத்தார். "வெளிச்சம் பட்டா முட்ட போடாமத் திரும்பிடும்மா. நூறு முட்ட." அவ்வளவுதான் சொன்னார். கை எடுக்கவில்லை. மீன் வாசனை லென்ஸ் மூடியில் ஒரு வாரம் இருந்தது.

2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, ஞாபகம் இருக்கும். இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிப்போகும். அப்போது படம் எடுத்தேன், நிறைய. யாரும் தடுக்கவில்லை. என்னிடம் உயிருள்ள பங்குனி ஆமைப் படம் ஒன்றுகூட இல்லை, செத்தவை மட்டும் ஒரு போல்டர் நிறைய இருக்கின்றன.

சரி, மாடிக்கு வருகிறேன்.

செயலாளர் சாருக்கு நன்றி. பார்க்கிங்கில் மாதாமாதம் எலி மருந்து கேக் வைப்பது நம் வழக்கம். அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடும். தள்ளாடும் எலியைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும், குஞ்சுக்கு ஊட்டும், விஷம் அங்கேயும் போகும். இதைக் கூட்டத்தில் சொன்னபோது "எலி வந்து என் கார் ஒயரைக் கடிச்சா நீங்க பணம் கொடுப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மாடியிலிருந்து பொறுக்கி வைத்திருந்த கூகைக் கக்கலை டிபன் டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். எலும்பையும் ரோமத்தையும் அது உருண்டையாகத் துப்பிவிடும். ஒன்றை மேசைமேல் காகிதம் விரித்து உடைத்தேன். இரண்டு எலி மண்டை, ஒரு மூஞ்சுறு மண்டை. "ஒரு ராத்திரி சாப்பாட்டில் இது ஒரு பகுதிதான்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பஜ்ஜி எடுக்கவில்லை. மருந்து நிறுத்தப்பட்டது. கேள்வி கேட்டவர் கார் ஒயர் இன்றுவரை நலம், நானே விசாரித்தேன்.

பெயிண்டிங் மேஸ்திரிக்கு நன்றி. பொங்கல் முடிந்ததும் நான்கு பக்கமும் சாரம் கட்டி ஆறு வாரத்தில் முடிப்பதாகத்தான் பேச்சு. பின்பக்கச் சாரம் சரியாக அந்த வெண்டிலேட்டருக்கு நேரே வரும். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு மேலே பார்த்தார். "குடும்பமா இருக்குதா? அப்ப மூணு பக்கம் முடிச்சிக்கிறேன், பின்பக்கம் கடைசியில. நடுவுல வேற எடத்துல வேல இருக்கு." வேறு இடத்தில் வேலை இல்லை என்பது பிறகு அவருடைய ஆள் சொல்லித் தெரிந்தது. அந்த இரண்டு வாரக் கூலி நஷ்டத்தை யார் தருவது என்று அசோசியேஷன் பேச வேண்டும். இதை நன்றியோடு மட்டும் முடித்துக்கொள்ளக் கூடாது.

நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ குஞ்சுகளின் வீடியோவைப் போட்டது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆசையில் போட்டதுதான். ஆனால் மறுநாள் காலை பெரிய பெரிய லென்ஸோடு ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். எல்லாரும் என்னைப் போன்றவர்களே, ஒருவரை எனக்கு முகம்கூடத் தெரியும். வாட்ச்மேன் அண்ணன் "லிப்ட் ரூம் சாவி ஊருக்குப் போன செயலாளர்கிட்ட இருக்கு, மாசக் கடைசியில வாங்க" என்று சொல்லி அனுப்பினார். செயலாளர் அப்போது பின்னால் நின்று காய் வாங்கிக்கொண்டிருந்தார். ஐநூறு ரூபாய் நீட்டியவரும் இருந்தாராம். அண்ணன் அதை என்னிடம் சொல்லவில்லை, காய்க்காரம்மா சொன்னார்.

இப்போது தெருவைப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர் அக்கா. பிப்ரவரியில் ஒரு மதியம், இறகு பாதி முளைத்த குஞ்சு ஒன்று வெண்டிலேட்டர் விளிம்புக்கு வந்து தவறிப் பார்க்கிங்கில் விழுந்தது. நான் அலுவலகத்தில், வருட முடிவுக் கணக்கில். பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது பார்க்கிங்கில் அப்படியே நடந்தது. பத்துப் பன்னிரண்டு காக்கைகள் சுற்றி நின்று கொத்தின. குஞ்சு மல்லாந்து கிடந்து காலால் உதைத்ததாம். அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி, தலையில் கட்டியிருந்த துண்டை அதன்மேல் போட்டுத் தூக்கியிருக்கிறார். துண்டையும் தாண்டி நகம் கையில் இறங்கியது. மூன்று இடத்தில் ரத்தம்.

எனக்குப் போன் வந்தது, நான் பெரியவருக்குப் போட்டேன். பால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு இருட்டில் வை, சாயங்காலம் பழைய இடத்திலேயே விடு என்றார். கூகை தரையில் விழுந்த குஞ்சைத் தேடிவந்து ஊட்டாது. இருந்த இடத்துக்குத் திரும்பினால்தான் அதற்குச் சாப்பாடு. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை என்றும் சொன்னார். ஐந்தாம் எண் பெண்ணும் வாட்ச்மேன் அண்ணனும் ஆறு மணிக்கு ஏறிப் போய் விட்டுவிட்டு வந்தார்கள். ராத்திரி எட்டரைக்கு உஸ்ஸ் சத்தம் நான்கு குரலில் கேட்டதாக அந்தப் பெண் குறுஞ்செய்தி அனுப்பினாள். அலுவலகப் பாத்ரூமில் நின்று அதை மூன்று தடவை படித்தேன்.

அக்காவை மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் டிடி ஊசி போடவைத்து அழைத்து வந்தேன். "எப்படிக்கா தைரியமா கை வச்சீங்க?" என்றேன். "பூனைக்கு றெக்க மொளச்ச மாதிரி இருந்துச்சு. பூனைன்னு நெனச்சுத்தான் தூக்குனேன்" என்றார். துண்டு கிழிந்துவிட்டது. புதிது வாங்கிக் கொடுத்தேன்; பழையதை எனக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியாக என் மாமியார். அத்தைக்கு அது கூகை இல்லை, சாவுக்குருவி. "அது கத்துற வீட்டுல நான் தங்கமாட்டேன்" என்று பொங்கல் முடிந்த கையோடு தாம்பரத்தில் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்களுக்குள் அன்று நல்ல சண்டை. ஆனால் தினமும் போன் வரும். முதல் வாரம், "அது போயிடுச்சா?" இரண்டாம் வாரம், "எத்தனை இருக்கு?" குஞ்சு விழுந்த அன்று, "பெட்டியில துணி கிணி போட்டீங்களா, வெறும் அட்டையிலயா?" போன புதன்கிழமை திரும்பி வந்தார். அபிப்பிராயம் மாறவில்லை. இன்னும் சாவுக்குருவிதான். "இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல" என்கிறார். இவ்வளவு நாள் அவர் இல்லாமல் காலை நாலே காலுக்கு பில்டர் காபி போட்டு பிளாஸ்கில் ஊற்றித் தர ஆள் இல்லை. அந்த நன்றியும் சேர்த்தே.

என் கணவருக்கு நன்றி, லென்ஸ் தவணை இன்னும் ஆறு மாதம் பாக்கி.

படம் கேட்டவர்களுக்கு: ஒரே ஒரு படம் இருக்கிறது. எதிர்க் கட்டடத்து மாடியில் அந்த வீட்டம்மா நாற்காலி போட்டு, கொசுவத்தி ஏற்றிவைத்து, ஐந்து சாயங்காலம் உட்கார இடம் கொடுத்தார். ஐந்தாம் நாள் ஆறே முக்காலுக்கு, கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே, மூத்தது விளிம்பில் வந்து நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, குதித்தது. மங்கிய வெளிச்சம், மெதுவான ஷட்டர் (ஐஎஸ்ஓ 6400, 1/60 நொடி). இறகு கலங்கியிருக்கிறது, ஒரு பக்கம் கேபிள் டிவி ஒயர். போட்டிக்கெல்லாம் அனுப்ப முடியாது. பிரிண்ட் போட்டு வாட்ச்மேன் அண்ணன் மேசையில் 30 பிரதி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கும் மெக்கானிக்குக்கும் அக்காவுக்கும் தனியாகக் கவரில் பெயர் எழுதி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

திங்கட்கிழமை பின்பக்கம் சாரம் கட்டுகிறார்கள். அந்தப் பக்கக் கொடியில் துணி காயப் போட்டிருப்பவர்கள் ஞாயிறு ராத்திரியே எடுத்துவிடவும். வெண்டிலேட்டருக்குக் கண்ணாடி போட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன் என்னிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, கேமரா அம்மா